முதுகில் நீலம்

இல்லை, விளிம்பைத் தட்டையாக விடப்போவதில்லை.

இன்று காலை கோவில்பட்டிப் பட்டறையில், அதிர்வால் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் மெஷின் கீச்சிட்டு நின்றது. சூட்டு வாடை. உன் மேசைப் பக்கம் திரும்பினேன். நீ காய்ச்சலில் இறந்துபோய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. கழுத்து இன்னும் திரும்புகிறது.

பூச்சிமருந்துத் தெளிப்பானின் அடிக்கிண்ணம். இரண்டு பாதி. முதுகை ஒட்டி உட்காரும் பாகம். பாதிகளை எந்த மாதிரி விளிம்பில் சேர்ப்பது என்று வரைவதுதான் நம் இருவர் வேலையாக இருந்தது.

அப்போது நான் வரைந்தது: ஒன்றின் விளிம்பில் நீட்டிய நாக்கு, மற்றதில் அது இறங்கும் பள்ளமான காடி. நடுவே மயிரிழை இடமில்லை. அந்த இறுக்கத்தில் எனக்குப் பெருமை. நீ மாதிரியை உன் ஊர் இடைசெவலுக்கு எடுத்துப் போனாய். தண்ணீரில் சொட்டுநீலம் கலந்து, வெள்ளைச் சட்டையில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு உன் அய்யாவின் உளுந்துக் காட்டில் நடந்திருக்கிறாய்.

மறுநாள் அதே சட்டையோடு வந்து முதுகைக் காட்டினாய். இடுப்புக்கு மேலே தொடங்கி நீலம் இறங்கியிருந்தது.

"நீலமா இருக்கப்போய் சிரிக்கேன். மருந்தா இருந்தா எங்கய்யா முதுகுலல்லா இறங்கியிருக்கும்?" என்றாய். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பி: "ஏட்டி, இம்புட்டு இறுக்கமா வச்சா உருகினது எங்கன போகும்?"

மாதிரியை அறுத்து, லென்சு வைத்துப் பார்த்தோம். வெளியே அழகாக மூடியிருந்தது. உள்ளே நாக்கு காடியின் சுவரில் சிக்கி, அடிவரை இறங்கவேயில்லை. காடியைச் சற்று அகலமாக்கினோம். முதலில் உருகட்டும் என்று நாக்கின் நுனியில் மெல்லிய கூர்வரப்பு வைத்தோம். உருகியது அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது. உன் சட்டை வெள்ளையாகத் திரும்பி வந்தது.

இப்போது புதிய கிண்ணம். அவசரத்தில் நாக்கும் காடியும் இல்லாத தட்டை விளிம்போடு அச்சு வெட்டிவிட்டார் முதலாளி அண்ணாச்சி. வரைபடத்தில் என் கையெழுத்து மட்டும் பாக்கி.

"பருத்திக்கு மருந்தடிக்க ஆளுக காத்துக் கெடக்காவ. இதுவும் மூடித்தான தாயி இருக்கு?"

மூடித்தான் இருந்தது. உருகினது எங்கே போயிருக்கும்? பயத்துக்கு முன்னால் ஆவல் வந்தது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது அது.

நீலம் வாங்கினேன். வெள்ளைச் சட்டை மாற்றி, தெளிப்பானை மாட்டி, பட்டறைக்குப் பின்னால் கரிசலில் மூன்று சுற்று. இடுப்பில் ஈரம் தெரிந்தது. அப்படியே போய் அண்ணாச்சி மேசை முன் திரும்பி நின்றேன்.

"அப்போ அச்ச திரும்ப வெட்டணும்" என்றார்.

காடியை வரைந்து கொடுத்தேன், இடம் விட்டு. வீட்டுக்கு வந்து சட்டையை ஊறப்போட்டேன்.