வேயங்கொடையில் நின்ற ரயில்

அக்கா,

உன் கைப்பையைத் திறந்துவிட்டேன். திட்டாதே. கேட்காமல் உன் சாமானைத் தொட்டால் நீ போடும் கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்கும். இன்று ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஏழு மாதமாக அந்தப் பை அறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. உன் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்த, கடையில் உன்னோடு நின்ற மல்லிகா அக்கா கொண்டுவந்து கொடுத்ததை அம்மா அப்படியே மாட்டிவைத்தார். திறக்கவுமில்லை, திறக்க விடவுமில்லை. இன்று பின்னேரம் அவரே அதை இறக்கி, சேலைத் தலைப்பால் தூசி தட்டி, என் பாடப் புத்தகத்தின் மேல் வைத்தார். "நல்ல பைதானே. ஸிப்பும் உடையல்ல. நீ கொண்டு போ, புள்ள" என்றார்.

உள்ளே ஈரக்குடை வாசமும் தைல வாசமும். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் இன்னும் சம்பல் மணம். எட்டு மாதம் கழித்தும்! மூடியை நீ ஒருநாளும் ஒழுங்காகக் கழுவியதில்லை. பக்கத்து ஸிப்பைத் திறந்து கையை விட்டேன். பிளாஸ்டிக் உறையில் ஓர் அட்டை. கண்ணை அகல விழித்தபடி உன் படம். ரயில் சீசன் டிக்கெட். வேயங்கொடையிலிருந்து கொழும்புக் கோட்டை வரை.

அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன். இப்போது நுளம்பு வலைக்குள் இருந்து, டோர்ச் லைட்டைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பொருளியல் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பக்கத்து அறையில் அம்மா. விறாந்தையில் அப்பா. நாலு மணிக்கு அவர் எழும்பி ஆற்றுக்கு மீன் தொழிலுக்குப் போவார். அதற்கு முன் எழுதி முடிக்க வேண்டும்.

என்னையும் அனுப்பப் போகிறார்கள், அக்கா. வெள்ளிக்கிழமை இரவு ரயிலில், மாமியோடு. புறக்கோட்டையில் நீ நின்ற அதே துணிக்கடை. உன் இடத்துக்கு ஆள் தேடுகிறார்களாம். ஏ.எல். பரீட்சை எங்கேயும் ஓடிப்போகாதாம், இருந்து எழுதலாமாம். இதை எல்லாம் சொல்வது மாமி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவர்.

எதற்கு என்று கேள். வீட்டுக்கு. நீ கட்டத் தொடங்கிய அந்த வீட்டுக்குக் கூரை போட.

நினைத்தால் எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. நம் பக்கத்து வழக்கம் எனக்கும் தெரியும். அம்மா இருக்கிற வீடு மூத்த பெண்ணுக்கு. அடுத்தவளுக்கு அதே வளவுக்குள் இன்னொன்று எழும்ப வேண்டும். வீடில்லாமல் பெண்பிள்ளையை யார் கேட்பார்கள் என்பார்கள். நீ கொழும்புக்கு வெளிக்கிட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. "எனக்கு வீடிரிக்கி. உனக்குத்தான் இல்ல. நான் கட்டித் தாறன்" என்றாய், ஏதோ எனக்கு அடுத்த நாளே கல்யாணம் என்பதுபோல. நான் உன்னிடம் கேட்டது படிக்க ஒரு மேசை லாம்பு. நீ வீடு கட்டப் போனாய். லாம்பு இன்னும் வரவில்லை.

இப்போது பெண்பிள்ளை ஒன்று, வீடு ஒன்றரை. நீ எனக்கென்று கட்டிய வீடு ஜன்னல் மட்டத்துக்கு மேலே ஏறி, கூரையில்லாமல் நிற்கிறது. பக்கத்து வீட்டு ஆடுகள்தான் அங்கே குடித்தனம். முந்தாநாள் மாமி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சுவரெழும்பின வீட்டக் கூரையில்லாம விடப்படாதுகா, ஆகாது" என்றார்.

"அந்த வீடு ஆருக்கு மாமி?"

"உனக்குத்தான்."

"அப்ப இந்த வீடு?"

"அதுவும் உனக்குத்தான்."

"ரெண்டு வீட்டிலயும் நான் எப்பிடி இரிக்கிற? காலையில ஒண்டு, மத்தியானம் ஒண்டா?"

"வாயப் பாரு, படிச்ச வாய்! இதுக்குத்தான் குமருகள நெடுகப் படிக்க வைக்கப்படாது எண்டுறது."

எனக்கும் நிறையச் சொல்ல இருந்தது. ஆளில்லாத வீட்டுக்குக் கூரை போடுவதற்காக, இருக்கிற ஒருத்தியும் ஊரை விட்டுப் போக வேண்டுமா என்று கேட்க இருந்தேன். அதற்குள் அம்மா, "அவள் வச்ச கல்லு அது. இன்னொரு மாரி மழையில நான் நனைய விடமாட்டன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மாமி என் தலையைத் தடவினார். "பயப்பிடாத மனே. கொழும்பில என்ன குறை? கடைக்குப் பக்கத்திலதான் ரூம்."

அது உன் வசனம், அக்கா. எழுத்துப் பிசகாமல் உன் வசனம். ஐந்து வருடம் அம்மாவிடம் நீ அதையே சொன்னாய்.

நம் ஆட்களைச் சொல்ல வேண்டும். நீர்கொழும்பில் இருப்பவனும் கொழும்பில்தான், பாணந்துறையில் இருப்பவனும் கொழும்பில்தான். எந்த இடம் என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மா உன்னிடம் ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். எங்கே படுக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீ பொய்தான் சொல்லியிருப்பாய், அது வேறு விஷயம். நீ போன் எடுப்பது எப்போதும் ரயிலுக்குள் நின்றுகொண்டு.

"என்ன புள்ள அந்தச் சத்தம்?"

"கடையில ரீவி, அம்மா."

"ரீவியில எதுக்குக் கோச்சி ஓடுது?"

"கோச்சிப் படம் போகுதம்மா!"

அம்மா நம்பினார். பக்கத்தில் இருந்த நான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். இந்த வளவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருடம் சித்திரை வருடப்பிறப்புக்கு நீ வந்திருந்தபோது, அரைகுறை வீட்டுக்குள் மணலில் ஒரு பெட்டி கீறி, "இதுதான் கோச்சிப் பெட்டி. ஏறு" என்றாய். கடையில் உன்னோடு வேலை செய்யும் மல்லிகாவின் தாய் வீடு வேயங்கொடையில் இருக்கிறது, அங்கே பக்கத்து அறையில்தான் இருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் சொன்னாய். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் இரவு ஒன்பதுக்கு வருவாயாம். "கொழும்பில ஒரு கட்டில் போடுற இடத்துக்குக் கேக்கிற காசில இஞ்ச ஒரு வரி கல்லு வைக்கலாம்" என்றாய். பெரிய கெட்டிக்காரி. நாளுக்கு நாலு மணித்தியாலம் நின்றுகொண்டே பயணம் செய்தால் எவ்வளவு கல் வைக்கலாம் என்று கணக்குப் பார்த்தாயே, எவ்வளவு நாள் நிற்கலாம் என்று பார்த்தாயா?

என்னை ஒற்றைக் காலில் நிற்கவிட்டு இரண்டு பக்கமும் தள்ளினாய். "மற்றக் கால் வைக்க இடமிரிக்காது. கொக்குப் போல நிண்டு பழகு" என்றாய். உன் முழங்கை என் விலாவில் இடித்தது. நான் விழுந்தேன். நீ சிரித்தாய். பிறகு இறங்குவது எப்படி என்று காட்டினாய். "உன்ர ஸ்டேஷன் வந்த பிறகு எழும்பினா இறங்க ஏலாது. ஒரு ஸ்டேஷனுக்கு முதலே வாசலுக்கு நகரோணும். கூச்சப்பட்டு நிண்டா கோச்சி உன்னக் கொண்டு போயிரும்."

கடைசியில் என் வாயில் விரலை வைத்தாய். "அம்மாட்ட சொல்லிராத கிளி. சொன்னா நாளைக்கே திரும்பி வரச் சொல்லுவா. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மடைச்சி, பண்ணினேன்.

போன மாரியில் அந்த போன் வந்தது. மழை. பொழுதுபட்ட நேரம். மல்லிகா அக்கா அழுதுகொண்டே தன் அரைகுறைத் தமிழில் பேசினாள், உன்னை அவள் நங்கி என்றுதான் சொல்வாள், சிங்களத்தில் தங்கச்சி: "அம்மா, நங்கிக்குக் காய்ச்சல் கூட. மூணு நாள். ஸ்டேஷன்ல விழுந்தது. ஆஸ்பத்திரி. அப்பா வாங்க, கெதியா வாங்க." அவ்வளவுதான், போன் செத்துவிட்டது. எத்தனை தரம் எடுத்தும் கிடைக்கவில்லை. மூன்று நாள் டெங்குக் காய்ச்சலோடு நீ அந்த ரயிலில் போய் வந்திருக்கிறாய், லீவு எடுத்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று. அதுவும் பிறகுதான் தெரிந்தது.

அப்பா சட்டையை மாட்டினார். "கொழும்புப் பெரியாஸ்பத்திரியாத்தான் இரிக்கும்" என்றார். யாரும் மறுக்கவில்லை. கல்குடா ஸ்டேஷன் வரைக்கும் நான்தான் டோர்ச் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். வழி முழுவதும் வேயங்கொடை என்ற அந்தப் பெயர் என் நாக்கில் கிடந்தது. காய்ச்சல்தானே, சுகமாகிவிடும், நான் சொல்லிவிட்டால் நீ வீட்டுக்கு வந்து வாங்கிக் கட்டுவாய், என்னோடு ஒரு மாதம் பேசமாட்டாய். அதுதான் என் பயம். உன்னுடைய கோபத்துக்குப் பயம்!

மேடையில் அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். "என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்காய்?"

"ஒண்டுமில்லப்பா."

ரயில் வந்தது. அவர் ஏறினார்.

மிச்சத்தை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அவர் சொன்னார், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "வேயங்கொடையில கோச்சி கொஞ்ச நேரம் நிண்டது. விடியப் போற நேரம். பொடியன் ஒருத்தன் தேத்தண்ணி வித்துக்கொண்டு வந்தான். நான் யன்னலால கைய நீட்டி வாங்கிக் குடிச்சன். என்ர புள்ள அந்த ஊரில கிடக்கிறாள், நான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிரிக்கன்." ரயில் அவரைக் கோட்டைக்குக் கொண்டுபோனது. பெரியாஸ்பத்திரியில் வார்டு வார்டாகத் தேடியிருக்கிறார். மல்லிகா அக்காவின் போன் பதினொரு மணிக்குத்தான் கிடைத்தது. நீ பத்து மணிக்கே போய்விட்டாய்.

இறங்கியிருந்தாலும் உன்னைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். ஆனால் ஐந்து மணித்தியாலம் அப்பா உன் பக்கத்தில் இருந்திருப்பார். நீ கண்ணைத் திறந்திருந்தால் அவரைப் பார்த்திருப்பாய்.

அன்றிலிருந்து அப்பா தேத்தண்ணி குடிப்பதில்லை. காலையில் சுடுதண்ணி மட்டும். யாராவது கேட்டால், "பெத்த புள்ள எங்க இரிக்கெண்டு தெரியாத தகப்பனுக்கு என்ன தேத்தண்ணி" என்பார். தனக்குத் தெரியவில்லை என்று தன்னையே தின்றுகொண்டிருக்கிறார். தெரிந்தவள் நான் பக்கத்தில் இருந்து கொப்பியில் பாட விடைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்மேல் எவ்வளவு கோபம் என்று உனக்கு விளங்குகிறதா? நீ சொன்ன பொய்க்குக் காவல் வைத்தது என்னை. நீ போய்விட்டாய். காவல்காரி இன்னும் நிற்கிறாள். வெள்ளிக்கிழமை போனால் உன் பை, உன் கடை, உன் வசனம். நானும் ஏதோ ஓர் ஊரில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "ரீவி சத்தம் அம்மா" என்பேன். நானும் விழுந்தால் அப்பா மறுபடியும் கொழும்புக்குப் போவார். அவருக்குத் தெரிந்த ஊர் அதுதானே.

அப்பா அடிப்பார் என்று எனக்குப் பயமில்லை. ஒன்றும் சொல்லாமல் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், பிறகு என் முகத்தைப் பார்க்கவே மாட்டார் என்றுதான் பயம். எழுத்தைப் பார், கோழி கிண்டியது போல.

விறாந்தையில் செருமல் சத்தம். எழும்பிவிட்டார்.

நான் எழும்பப் போகிறேன், அக்கா. அடுப்பை மூட்டித் தேத்தண்ணி ஊற்றப் போகிறேன். அவர் குடிக்காவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உன் சீசன் டிக்கெட்டை வைத்து, எனக்குத் தெரியும் அப்பா, அன்றைக்கே தெரியும் என்று சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தால், வெள்ளிக்கிழமை போக மாட்டேன், பரீட்சை எழுதப் போகிறேன் என்பதையும் சொல்வேன். சுவர் நனைந்தால் நனையட்டும். என்றைக்காவது போனால், நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்று இந்த வீட்டில் ஆட்டுக்கும் தெரிந்திருக்கும்.

உன் பையை நான் கொண்டு போகவில்லை. நீ மணலில் கீறிய பெட்டிக்குள் நின்று சொன்னதை மட்டும்தான் வைத்திருக்கிறேன். என் ஸ்டேஷன் எட்டு மாதத்துக்கு முன்னமே போய்விட்டது. ஆனாலும் நான் வாசலுக்கு நகர்கிறேன்.