பாம்பு, சீப்பு, பாம்பு, ஏணி

அக்கா,

முந்தாநாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு ஜட்காவில் உன் தம்பியின் தகரப் பெட்டி இங்கே வந்து இறங்கியது. வண்டிக்காரன் அதை ஒற்றைக் கையால் தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டு, "இன்னாம்மா, பொட்டி காலியா கீது போல? இதுக்கா என்னை மாம்பலம் வரைக்கும் இட்டாந்தாங்க?" என்றான். காலி இல்லை. திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அடியில் உன் தில்லிக் கம்பளிச் சால்வை மட்டும் மடித்தபடி கிடந்தது. பட்டுப் புடவைகளை உன் நாத்தனார்கள் உன் காரியம் முடிந்த கையோடு பங்கு போட்டுக்கொண்டு விட்டார்கள். சாயம் போன சால்வையும் துருப்பிடித்த பெட்டியும் ஓரகத்தியான எனக்கு என்று யாரோ பெரிய மனசு பண்ணியிருக்கிறார்கள்.

பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிய இங்கிலீஷ் எழுத்துகள் இன்னும் அழியவில்லை. உனக்கும் எனக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த ஒரு பெயரை மட்டும் நாம் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். நாம் ஒன்றாக இருந்த மாடவீதி வீட்டு அடுப்பங்கரைத் தரையில் ஈர விரலால் நீ எழுதிக் காட்டுவாய். "பாம்பு, சீப்பு, பாம்பு, ஏணி. அப்புறம் கூரை, தொந்தி, காலை நீட்டிண்டு நிக்கறவன், கடைசியா ஒரு தூண். அவ்வளவுதாண்டி சேஷாத்ரி" என்பாய். தரை காய்ந்து எழுத்து மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருப்பாய். அடுப்பில் குழம்பு பொங்கினாலும் உனக்குக் காதில் விழாது.

உன் தம்பி சேஷு எல்லைப்புறச் சண்டைக்குப் பட்டாளத்துக் குமாஸ்தாவாகப் போனான். திரும்பி வந்தது இந்தப் பெட்டி. உடம்பு வரவில்லை, சாம்பலும் வரவில்லை. தர்ப்பையில் ஓர் உருவம் பண்ணி அதற்குக் கொள்ளி வைத்தார்கள். பெண்கள் அங்கே போகக் கூடாது என்பதால் நீ அந்தத் தர்ப்பையைக்கூடப் பார்க்கவில்லை. "அவன் செத்துட்டான்னு எல்லாரும் சொல்றா, எனக்கு மட்டும் யாரும் ஒண்ணும் காட்டலை" என்று ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாய். அவன் போய்ப் பல வருஷம் கழித்துச் சொன்னாய்.

பிறகுதான் அடுத்த வீட்டுக்காரர் தில்லியிலிருந்து அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். புதுத் தில்லியில் ஒரு பெரிய வளைவு கட்டியிருக்கிறார்கள், எல்லைப்புறத்தில் செத்தவர்களின் பெயரையெல்லாம் அதன் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்றார். குமாஸ்தாக்கள் பெயரும் உண்டா என்று நீ கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாய். இருக்கலாம் என்றார். அந்த 'இருக்கலாம்' உனக்குப் போதுமாக இருந்தது. அன்றுமுதல் உனக்குக் காசியும் வேண்டாம், ராமேசுவரமும் வேண்டாம். அந்தக் கல்லில் விரலை வைத்துப் பார்த்துவிட்டால் போதும்.

உன் அகத்துக்காரருக்கு ஆபீஸ் காரியமாகத் தில்லிக்குப் போகும்படி ஆனது. பெரிய உத்தியோகஸ்தர், அப்போதுதான் ராவ்சாகிப் பட்டமும் வந்திருந்தது. ஹரித்வாருக்கும் போய்வரலாம் என்று உன்னை அழைத்துப் போகச் சம்மதித்தார். உனக்குத் துணையாக என்னையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டார். ரயிலில் நீ தூங்கவேயில்லை. ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி, அதில் பாம்பும் சீப்பும் போட்டுக்கொண்டு வந்தாய். என்னிடம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

தில்லியில் பார்க்க வேண்டியதெல்லாம் யாராவது ஒரு ராஜாவின் சமாதியாகத்தான் இருக்கிறது என்பதை நாம் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம். சமாதிப் பக்கம் போனால் தீட்டு, ஸ்நானம் பண்ணாமல் சமையலறைக்குள் நுழையக் கூடாது. அந்தக் குளிரில் நாம் இறங்கியிருந்த குவார்ட்டர்ஸில் வெந்நீருக்கு வழியில்லை. ஆகவே உன் அகத்துக்காரர் ஒரு சட்டம் போட்டார்: பொம்மனாட்டிகள் வண்டியிலேயே இருக்க வேண்டும். ஹுமாயூன் சமாதிக்கு வெளியே டோங்காவில் உட்கார்ந்து குதிரையின் வாலைப் பார்த்தோம். பூங்காவுக்காவது போகலாம் என்று ஒரு பெரிய தோட்டத்துக்கு அழைத்துப் போனார். நல்ல புல், நல்ல பூ. நடுவில் பார்த்தால் அங்கேயும் கோபுரம் கோபுரமாகக் கல்லறை! வேலி ஓரத்துப் பெஞ்சியில் நம்மை உட்கார வைத்துவிட்டு அண்ணனும் தம்பியும் உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வந்தார்கள். நீ சிரித்தாய். "சமைக்கறவாளுக்குத்தாண்டி தீட்டு ஒட்டிக்கும், சாப்பிடறவாளுக்கு ஒட்டாது" என்றாய். நானும் சிரித்தேன். வளைவு பாக்கி இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் சிரித்தோம்.

அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அகலமான சாலை, இரண்டு பக்கமும் புல்வெளி, எதிரே அந்த வளைவு. நீ சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கக் காலை வைத்தாய். "எங்கே இறங்கறே?" என்றார் உன் அகத்துக்காரர். "செத்தவாளுக்குக் கட்டினதுதானே இதுவும்? இங்கேருந்தே சேவிச்சுக்கோ."

"அங்கே யாரையும் பொதைக்கலை. பேர் மட்டுந்தான்" என்றாய் நீ. உன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பேரும் பொணமும் ஒண்ணுதான். ராத்திரி யார் தளிகை பண்றது?"

மச்சினரிடம் நேருக்கு நேர் பேசுவது நம் வீட்டில் வழக்கமில்லை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குதிரையைப் பார்த்தார். டோங்காவில் உட்கார்ந்தபடியே நீ கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாய். "டீ, அதோ தெரியறதே, அது எழுத்தா, கல்லோட இடுக்கா?" என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. வண்டி திரும்பியது. வளைவு மரங்களுக்குப் பின்னால் மறைகிறவரை உன் கழுத்து திரும்பியே இருந்தது.

இதோடு போயிருந்தால், கட்டுப்பெட்டி மனுஷர், வளர்ந்த விதம் அப்படி என்று நான் மறந்திருப்பேன். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அவருடைய சிநேகிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீ காபித் தட்டுடன் வாசற்படியில் நின்றாய், நான் உனக்குப் பின்னால் நின்றேன். "மறுநாள் எங்க துரையோட மறுபடி போனேன், ஓய். வளைவுக்கு நேர் கீழே நின்னு அண்ணாந்து பார்த்தேன். என்ன உசரம்! கழுத்தே வலிச்சுப் போச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்று அவர் குளித்தாரா என்றும் கேட்கவில்லை. வெளி மனிதர்கள் முன்னால் வாயே திறக்காத நீ அன்று திறந்தாய்.

"சேஷு பேர் இருந்துதா?"

அவர் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆயிரக்கணக்குல பேர் வெட்டியிருக்கான். எவன் நின்னு படிப்பான்?" என்றார். சிநேகிதர்கள் சிரித்தார்கள். நீ டம்ளர்களை ஒவ்வொன்றாக அவர்கள் முன்னால் வைத்துவிட்டு உள்ளே வந்தாய். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அந்த வாரம்தான் பார்த்தசாரதி கோயிலுக்கு என்று சொல்லி என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினாய். வண்டியைக் கோயிலில் நிறுத்தவில்லை. கடற்கரையோடு போய்க் கோட்டைக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டியிருந்த வட்டத் தூண் மண்டபத்துக்கு விடச் சொன்னாய். அதுவும் சண்டையில் செத்தவர்களுக்காகக் கட்டியது. காவல்காரன், "இன்னாத்தப் பாக்கப் போறீங்கோ? வெறும் தூணுதான் கீது" என்றான். அவன் சொன்னது சரி. சேஷுவின் பெயரைத் தேட அங்கே இடமே இல்லை. நீ ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். பிறகு தூணில் ஈர விரலால் எட்டு எழுத்தையும் எழுதினாய். கடற்காற்றில் உடனே காய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குப் போவாய் என்று நினைத்தேன். கால்கூடக் கழுவாமல் நேரே அடுப்பங்கரைக்குள் நுழைந்து சாதம் வடித்தாய், ரசம் வைத்தாய், அவருக்கு இலை போட்டுப் பரிமாறினாய். "இன்னிக்கு ரசம் ரொம்ப நன்னாயிருக்கு" என்று இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை, பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் விரல் போர்வையின்மேல் அசைந்துகொண்டே இருந்தது. ஜன்னியில் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். எனக்கு ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. அந்தக் கல்லில் அவன் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாமலே நீ போய்விட்டாய். எனக்கும் இன்றுவரை தெரியாது.

உன் அகத்துக்காரர் உனக்கும் ஒரு ஞாபகார்த்தம் வைத்திருக்கிறார், அக்கா. குளக்கரைப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தல், அதில் சலவைக்கல். ஊரே புகழ்ந்ததால் நானும் போய்ப் பார்த்தேன். ராவ்சாகிப் பட்டம், அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், உத்தியோகம் எல்லாம் வெட்டியிருக்கிறது. கடைசி வரியில் 'அவர்களின் தர்மபத்தினி ஞாபகமாக' என்று இருக்கிறது. உன் பெயர் இல்லை. கல்லை இரண்டு பக்கமும் தேடிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்தேன்.

பெட்டி வந்த மறுநாள் விடியற்காலையில் அரிசி மாவைக் கரைத்து வாசலில் எழுதினேன். மேல் வரியில் பாம்பு, சீப்பு, பாம்பு, ஏணி என்று சேஷு முழுவதும். கீழ் வரியில் தமிழில் உன் பெயர். சுற்றிலும் கொஞ்சம் இழுத்து நெளித்துவிட்டேன். இந்தத் தெருவில் போகிறவர்களுக்கு அது கோலம். இன்றைக்கும் போட்டேன்.

இன்று காலை உன் அகத்துக்காரர் தன் தம்பியைப் பார்க்க இங்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்னடா, உங்காத்துக் கோலம் புதுசா இருக்கே" என்றார். இரண்டு பாஷையும் கரைத்துக் குடித்தவர். குனிந்து பார்க்கவில்லை. காபி குடித்தார், தண்ணீர்ப் பந்தலைப் பற்றிப் பேசினார், புறப்பட்டார். போகும்போது உன் பெயர் மேலேயே காலை வைத்துப் போனார். மாவு நிறைய இருக்கிறது, அக்கா. நாளைக்கும் எழுதுவேன்.