ஆயிரமாவது நாளன்று எடுத்த கணக்கு

அனுப்புநர்:
ருஸ்மியாத்தி, வயது 56,
(காலஞ்சென்ற மர்தோயோவின் மனைவி)
கிணற்றுச் சந்து, கெடுங்பாசிர் கிராமம்,
வோனோசிடி மாவட்டம், மத்திய ஜாவா.

பெறுநர்:
மாவட்டச் சமூக நல அலுவலகத் தலைவர் அவர்கள்,
வோனோசிடி.

பொருள்: நிறுத்தப்பட்ட மின்சார மானியத்தைத் திரும்பக் கேட்டல் – குடும்ப அட்டையில் எந்த மாற்றமும் செய்யாமல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் அல்லாஹ் நல்ல உடம்பைத் தர வேண்டும் என்று துஆ செய்து இந்த மனுவைத் தொடங்குகிறேன். கிராம அலுவலகத்தில் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். இதில் உள்ளதை இன்னொருவர் கையால் எழுதவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. எங்கள் வீட்டு இணைப்பு, இருப்பதிலேயே சிறிய இணைப்பு. என் கணவர் இருந்த காலத்திலிருந்து ஏழைகளுக்கான விலையில்தான் மின்சாரம் வாங்கி வந்தோம். கடந்த செப்டம்பரில் வழக்கம்போலக் கடையில் இருபதாயிரம் ரூபியா முன்பணம் கொடுத்து, மின்சாரத்துக்கான எண்களை வாங்கிவந்து மீட்டரில் அழுத்தினேன். வழக்கமாக ஏறும் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை. எண்ணைத் தப்பாக அழுத்திவிட்டேனோ என்று கடைக்குத் திரும்பிப் போனேன். கடைக்காரர் செல்பேசியில் பார்த்துவிட்டு, "மானியம் போயிடுச்சு இபு. நீங்க இப்ப வசதியானவங்க லிஸ்ட்ல இருக்கீங்க. விருந்து எப்ப?" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

2. நான் எப்படி வசதியானவள் ஆனேன் என்று கிராம அலுவலகத்தில் விசாரித்தேன். ஜூலை மாதம் கணக்கெடுப்புக்கு வந்தவர் எடுத்த படத்தை அங்கே காட்டினார்கள். வீட்டு வாசலில் பதினோரு மோட்டார் சைக்கிள். உள்ளே ஐஸ் பெட்டி, ஆளுயர மின்விசிறி இரண்டு, ஒலிபெருக்கி, பெரிய சோற்றுப் பாத்திரங்கள். படத்தில் இருப்பது என் வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அது என் கணவர் காலமான ஆயிரமாவது நாள்.

3. ஆயிரமாவது நாள் ஓதுவது என்றால் எப்படி நடக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. ஆண்கள் நாற்பது பேர் முன்னறையில் அமர்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் பெண்கள் சோற்றுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் தெருவுக்குப் பொதுவானவை. மின்விசிறிகள் பள்ளிவாசலுடையவை. ஐஸ் பெட்டி, ஐஸ் விற்கும் பாக் துக்கிரானுடையது. நாலு பேர் தூக்கிவந்து வைத்தார்கள். என் இணைப்பில் அதை மாட்டினால் அந்த நிமிடமே மின்சாரம் துண்டித்துக்கொள்ளும். அதனால் அவர் தன் வீட்டிலிருந்து மதில்மேல் ஒயர் இழுத்து மாட்டிக் கொடுத்தார். படம் எடுத்தவர் பெட்டியை எடுத்தார், ஒயரை எடுக்கவில்லை. அவ்வளவு சாமானும் என்னுடையதாக இருந்தால் இந்தச் சின்ன இணைப்பு எப்படித் தாங்கும் என்பதை மட்டும் தங்கள் அலுவலர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன். மறுநாள் காலை பதினோரு மணிக்குள் எல்லாச் சாமானும் அதனதன் வீட்டுக்குப் போய்விட்டது. ஆட்களும் போய்விட்டார்கள். என் வீடு நிறைந்திருந்தது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைத்தான் அரசாங்கம் பார்த்திருக்கிறது.

4. வந்தவர் மேல் நான் குறை சொல்லவில்லை. மரியாதையான பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஒரு பெட்டிச் சோறு கொடுத்தேன், பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டார். பிறகு என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்வி, "வருமானம் போதுமானதா இருக்கா இபு?" நான், "அல்ஹம்துலில்லாஹ், போதும்" என்றேன். உள்ளே கணவருக்காக ஓதிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று அல்லாஹ் கொடுத்தது போதவில்லை என்று எந்த வாய் சொல்லும்? என் தாயும் அப்படித்தான் சொல்வார், எங்கள் சந்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அது அல்லாஹ்வுக்குச் சொன்ன பதில். அவர் அதைக் கட்டத்தில் குறித்துக்கொண்டார்.

5. இரண்டாவது கேள்வியைப் பற்றிக் கடைசியில் எழுதலாம் என்று தள்ளிப் பார்த்தேன். தள்ளினாலும் எழுதித்தான் ஆக வேண்டும். என் ஒரே மகன் ஜைனுரி, வயது 29, கடல் தாண்டிக் கலிமந்தானில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலைக்குப் போனவன். "மகன் பணம் அனுப்புறாரா?" என்று அவர் கேட்டார். என் பக்கத்தில் அடுத்த வீட்டுக் கர்ஸினி வாழையிலையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் மகன் சுரபாயாவிலிருந்து பணமும் அனுப்புகிறான், பெருநாளைக்கு வந்தும் போகிறான். நான், "மாசாமாசம் அனுப்புறான்" என்று சொன்னேன். கர்ஸினி, "நல்ல புள்ள" என்றாள். ஐயா, அது பொய். அவன் பணம் அனுப்பி இரண்டரை வருடம் ஆகிறது. பேசியும் அவ்வளவு காலம் ஆகிறது. கடைசியாகப் பேசும்போது, "வேற தோட்டத்துக்கு மாறுறேம்மா, அங்க சிக்னல் இருக்காது, நானே கூப்பிடுறேன்" என்றான். நல்ல குரலில்தான் சொன்னான். கணவரின் ஆயிரமாவது நாளில் பொய் சொன்னதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அரசாங்கத்திடம் இந்த மனு மூலம் கேட்கிறேன்.

6. என் நிலைமை வருமாறு. வீட்டிலேயே சோயாவைப் புளிக்கவைத்துத் தெம்பேக் கட்டி செய்து காலைச் சந்தையில் விற்கிறேன். சோயாவை ஊறவைத்துத் தோல் போகக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும். முன்பு மோட்டார் போட்டு எடுத்தேன். இப்போது கிணற்றில் வாளியால் இறைக்கிறேன். வலது தோள் தூக்க முடியவில்லை, அதனால் பாதி அளவுதான் செய்கிறேன். தொழுகைக்கு முன் ஒளு செய்யும் தண்ணீரையும் அளந்துதான் ஊற்றுகிறேன். யூனிட் குறைந்தால் மீட்டர் விடாமல் கத்தும் அல்லவா, அது சந்து முழுக்கக் கேட்கிறது. கர்ஸினி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "ருஸ்மி, உன் மீட்டரு அழுவுது பாரு, பால் குடு" என்பாள். விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள். மகன் அனுப்புகிறான் என்று நம்புகிறவள் வேறு எப்படிச் சொல்வாள்?

7. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது மானியத்தில் சேருமா என்று தெரியவில்லை. வியாழக்கிழமைதோறும் மஃரிப் தொழுகைக்குப் பின் எங்கள் சந்துப் பெண்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் யாசீன் ஓதுவோம். முறை வந்த வீட்டுக்காரர் விளக்கும் விசிறியும் போட்டு, தேநீர் வைக்க வேண்டும். செப்டம்பரில் என் முறை வந்தபோது உடம்பு சரியில்லை என்று சொன்னேன். இந்த மாதமும் சொல்லும்படி ஆனது. தன் வீட்டுக்குக் கூப்பிடாதவள் அடுத்தவர் வீட்டில் போய் உட்கார்ந்து தேநீர் குடிப்பது நன்றாக இல்லை. அதனால் நான் இப்போது போவதில்லை. அவர்கள் ஓதும் சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும். நானும் இங்கேயிருந்தே கூடச் சேர்ந்து ஓதுகிறேன். ஒரு ஆயத்து முன்னே பின்னே ஆகிவிடுகிறது.

8. இதற்கெல்லாம் சுலபமான வழி ஒன்று இருப்பதாகக் கிராம அலுவலகத்தில் ரெட்னோ என்ற பெண் சொன்னார். குடும்ப அட்டையில் என் மகன் பெயர் இருப்பதுதான் தடையாம். சம்பாதிக்கும் வயதில் ஆண் இருக்கும் வீடு என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கிறதாம். "பேர எடுத்துடுங்க இபு. இருப்பிடம் தெரியலன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். தனியா இருக்குற விதவைன்னு வந்துடும், அடுத்த மாசமே பழைய விலை" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். படிவத்தை நிரப்பியும் கொடுத்தார், பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார்.

9. ஐயா, மூன்று வருடம் முன்பு அதே மேசையில் என் கணவரின் பெயரை எடுக்க நானே கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடத்தில் முடிந்தது. அவரை நானே குளிப்பாட்டினேன், கஃபன் துணி இட்டதைப் பார்த்தேன், அதனால் அந்தக் கையெழுத்தைப் போட முடிந்தது. இது உயிரோடு இருக்கும் பிள்ளையின் பெயர். அவன் நாளை ஏதோ ஒரு ஊரில் அடையாள அட்டை தொலைத்துவிட்டு நின்றால், எந்த வீட்டுப் பிள்ளை என்று யார் கேட்டாலும் கெடுங்பாசிர் கிராமம், கிணற்றுச் சந்து என்று காகிதத்தில் இருக்க வேண்டும். படிவத்தை மடித்து ரெட்னோவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அதற்காக அந்தப் பெண்ணின் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து ஒரு சாதாரண நாளில் ஆள் அனுப்பி என் வீட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும். வருகிறவர் தனியாக வரட்டும், வாசலில் நின்று கேட்காமல் உள்ளே வந்து கேட்கட்டும். இந்த முறை எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொல்வேன். மானியப் பட்டியலைக் கிராம மண்டபத்தில் கூட்டம் கூட்டிப் படிக்கும்போது என் பெயரைப் படியுங்கள், ஐந்தாம் பத்தியைப் படிக்க வேண்டாம்.

பார்த்தபின், அட்டையை உள்ளபடியே வைத்துக்கொண்டு மானியத்தைத் திருப்பித் தர விதி இடம் கொடுத்தால், தங்களுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்வேன். இடம் கொடுக்கவில்லை என்றால், இரண்டில் ஒன்றுதான் என்றால், மின்சாரம் இப்போதுள்ள விலையிலேயே இருக்கட்டும். பெயரை எடுக்க யாரும் உத்தரவு போட்டுவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கெடுங்பாசிர்
நாள்: 14 அக்டோபர் 2024

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ருஸ்மியாத்தி

இணைப்பு:
மின் எண் வாங்கிய கடைச் சீட்டு – 2
பாக் துக்கிரான் எழுதிக் கொடுத்த கடிதம் (ஐஸ் பெட்டி பற்றி) – 1
குடும்ப அட்டை நகல் – 1 (உறுப்பினர்கள் இருவர்)