ஒன்பதரை விரல்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
2.11.2025, ஞாயிறு.

அன்புள்ள சிவரஞ்சனிக்கு,

கமலவல்லி டீச்சர் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் சர்க்கரை, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். திருப்பூரில் நீயும் உன் பனியன் கம்பெனியும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று நேற்றுகூட ஆண்டாள் சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலில் எனக்கும் பங்குண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எழுத்து கோணலாக இருப்பதற்குக் கோபிக்காதே. வலது கை மோதிர விரலில் கட்டுப் போட்டிருக்கிறேன். அடி, காயம் ஒன்றுமில்லை. அதையும் பின்னால் சொல்கிறேன். போனில் சொல்லியிருப்பேன். நீதான் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாயே! அதுவும் நல்லதுக்குத்தான். நான் பேசி அனுப்புகிற வாய்ஸ் மெசேஜ் எங்கெங்கே போகும் என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

பள்ளிக்கூடத்துச் செய்தி முதலில். ஹெட்மாஸ்டர் பொன்னுராஜ் சார் தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்திருக்கிறார். பூசிய மறுநாள் சட்டைக் காலருக்கும் வயது குறைந்துவிடுகிறது. நீ பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பு இப்போது என் தலையில். நீ போன பிறகு பழையபடி இணையத்தில் பயிற்சித்தாள் தேடி அச்செடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒரு தாளில் பனிமனிதன் வந்துவிட்டான். வெயிலில் வெந்து கிடக்கிற நம் பிள்ளைகள் அவனை அய்யனார் என்று முடிவு செய்து, முப்பது பேரும் மீசை வரைந்து, கையில் அரிவாளும் கொடுத்துவிட்டார்கள். "பனிமனிதனிடம் எத்தனை பொத்தான்கள்?" என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. சாமியை எண்ணக் கூடாதாம்.

உன் வகுப்பில் இந்தக் கூத்தெல்லாம் நடந்ததில்லை. ராஜபாளையத்தில் மில்லில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியை வாங்கி வந்து, மார்க்கரால் எண் எழுதி, சுவர் நீளத்துக்கு எண்கோடு கட்டினாய். நூல் சுற்றுகிற அட்டைக் கோனைச் சுழற்றி எழுத்துச் சக்கரம் செய்தாய். சேத்தூர் பஸ் டிக்கெட்டை வைத்துக் கூட்டல் நடத்தினாய். எல்லாவற்றையும்விட அந்த அரை பாடம்! பிளஸ் டூ லீவில் மில் வேலைக்குப் போய்ப் பாதி பறிகொடுத்த மோதிர விரலை, மற்றவர்கள் என்றால் முந்தானையில் ஒளிப்பார்கள். நீ அதை உயர்த்திப் பிடித்து, "இந்தா பாருங்க, ஒம்பது முழுசு, ஒண்ணு அரை" என்று பின்னத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாய். நான் இருபத்தாறு வருடமாக ஆப்பிளை அறுத்துக்கொண்டிருந்தேன்.

உன் போனில் கேமரா கண்ணாடி உடைந்திருந்ததால் நாற்பத்திரண்டு பாடத்தையும் என் போனில்தான் எடுத்தோம். முகம் வேண்டாம் டீச்சர், கை மட்டும் போதும், வத்திராயிருப்புப் பக்கம் ஒத்தை வாத்தியார் வைத்துக்கொண்டு திண்டாடுகிற பள்ளிக்கூடங்களுக்காவது பயன்படட்டும் என்றாய். பயன்பட்டது. 'கமலா டீச்சர் வகுப்பறை' என்று ஒரு யூடியூப் சேனல் தொடங்கி, உன் கைக்கு என் குரலைக் கொடுத்து ஏற்றினேன். இன்றைக்குத் தொண்ணூறாயிரம் பேர் பார்க்கிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து ஒரு டீச்சர், அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒருத்தர், விரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார். நான் என்ன எழுதுவேன்? சின்ன வயதில் மில்லில் போனது என்று பதில் போட்டேன். எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது, நம்பினால் நம்பு.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆகஸ்டில் வட்டாரக் கல்வி அலுவலர் வகுப்புக்கு வந்து, அரை என்றால் என்ன என்று கேட்டார். முப்பது பிள்ளைகளும் சொல்லிவைத்தாற்போல மோதிர விரலை மடக்கினார்கள். அசந்துபோய், எங்கே டீச்சர், நீங்கள் செய்து காட்டுங்கள் என்றார். நான் கையை உயர்த்தினேன். சண்முகத்தாய் மகன் கௌதம்ராஜ் இருக்கிறானே, முன்வரிசையில் எழுந்து நின்று, "அது முழு வெரலு டீச்சர்" என்றான். அலுவலர் சிரித்துவிட்டுப் போனார். சேனல் பார்க்கிறவர் எவராவது இப்படிக் கேட்டால் என் கதி?

அதனால்தான் கட்டு. ராஜபாளையத்தில் ஆசிரியர் பயிற்சி இரண்டு சனிக்கிழமை நடந்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சேனல் பார்க்கிறவர்கள். வேறு துணி கிடைக்காமல் உன் எண்கோட்டின் வால் பக்கத்தைக் கிழித்து, விரலை மடக்கிச் சுற்றிக்கொண்டேன். ஒன்பதும் பத்தும் உள்பக்கம் போகிற மாதிரி. இப்போது மூன்றாம் வகுப்பில் எண்கோடு எட்டோடு நிற்கிறது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அதன்பிறகு அவிழ்க்கவேயில்லை. கட்டுக்குள் விரல் வெளுத்து, புழுங்கி, ஊறுகாய்ச் சாடியில் மறந்துபோன மாங்காய் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறார்.

போன வாரம் சேனலில் நீ போட்ட கருத்தைப் பார்த்தேன். "அந்த விரல் இப்போ வலிக்குதா டீச்சர்?" ஒரே வரி. சேத்தூர் ரஞ்சனி என்ற பெயரில். உடனே அழித்துவிட்டேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. இரண்டு நாள் தூக்கமில்லை. கேட்டாய், சொல்கிறேன். வலிக்கவில்லை, அரிக்கிறது.

உன் முகவரிக்காகச் சேத்தூர் போனேன். உன் அம்மா காபி போட்டுக் கொடுத்தார். டீச்சர் வேலை பிடிக்காமல் நீயாக விட்டுவிட்டுத் திருப்பூர் போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ அப்படிச் சொல்லி வைத்திருக்கும்போது நான் ஏன் குறுக்கே பேச வேண்டும்? என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஐயோ, எம் மவளுக்கும் இதே வெரலுதான டீச்சர் போச்சு" என்று கண்ணைத் துடைத்தார். தடவிக்கொள்ளத் தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டார். நன்றாக இருக்கிறது, தலைக்கு வைக்கிறேன்.

நீ போனதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஒம்பதரை டீச்சர் வந்தாச்சு, பெல் அடிங்க" என்று ஆசிரியர்கள் குரூப்பில் பேசிப் போட்டது நான்தான் என்பது உனக்குத் தெரியும். முப்பத்தொரு பேர் சிரித்தார்கள். என் வாழ்நாளில் ஒரே நேரத்தில் அத்தனை பேரைச் சிரிக்க வைத்ததில்லை. தெரியாதது இது. சண்முகத்தாய் புகார் சொல்ல வரவில்லை. "எம் புள்ள சோறு திங்கும்போதுகூட வெரல மடக்கிட்டுத் திங்கான் டீச்சர், ஒம்பதரைங்கான்" என்று சிரித்துக்கொண்டுதான் வந்தாள். பிள்ளைகள் ஊனத்தைப் பார்த்துப் பயந்து, அதேபோல் செய்து கெட்டுப்போகிறார்கள் என்று அதை மனுவாக்கியது நான். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். பொன்னுராஜ் சார், "நீங்களே எழுதிருங்க டீச்சர், உங்க தமிழு நல்லாருக்கும்" என்றார். நன்றாகத்தான் இருந்தது. தற்காலிக வேலைதானே, ஒரே வாரத்தில் முடிந்தது. ஏன் எழுதினாய் என்று கேட்டால், இடைவேளையில் ஒரு பிள்ளைகூட என் நாற்காலிப் பக்கம் வராத அந்த ஆறு மாதத்தைத்தான் காட்ட முடியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதினான்காம் தேதி குழந்தைகள் தினத்தன்று, சென்னையிலிருந்து ஒரு கல்வி அமைப்புக்காரர்கள் நம் பள்ளிக்கே வருகிறார்கள். எனக்குப் பாராட்டு. அதற்கு முன் புதிதாக மூன்று செயல்பாட்டை நானே போனில் படம் எடுத்து வைக்க வேண்டுமாம். கை மட்டும் தெரிந்தால் போதுமாம். அரை பாடத்தைக் கட்டில்லாமல் எடுக்க ஆசைப்படுகிறார்கள். பேட்டி தனியாக, அது என் முகம். ஒரே மாதிரிக் கரும்பச்சைச் சேலை இரண்டு எடுத்திருக்கிறேன், முழுக்கை ஜாக்கெட்டோடு. நீ முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். கேட்டால் உதவிக்கு வந்த பெண் என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் உன் கை. அவ்வளவுதான் ஏட்டி. ஜனவரியில் ஒரு தற்காலிக இடம் வருகிறது. பொன்னுராஜ் சாரிடம் சொல்கிறேன். என் தமிழுக்கு அவர் மறுப்பு சொன்னதில்லை.

வர முடியாவிட்டால் அந்தக் கருத்துப் பெட்டிப் பக்கமாவது வராதே. அந்தச் சென்னைக்காரர்கள் உன்னைத் தேடிப் பிடித்துக் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடு. இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

வருவதானால் பள்ளிக்கூட வாசல் வழியாக வராதே. கௌதம்ராஜ் தினமும் நீ எப்போது வருவாய் என்று கேட்கிறான். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இனி வரமாட்டாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவன் பார்த்துவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

திருப்பூர் மெஷின்கள் ரொம்ப வேகமாம். தூக்கக் கலக்கத்தில் வேலைக்குப் போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டாள் உன் கைகளைக் காப்பாற்றட்டும், பதினான்காம் தேதி வரைக்குமாவது.

என்றும் உன் நலம் நாடும்,
கமலவல்லி டீச்சர்