பின்னால் தூக்கி நிற்கும் பிளசர்

ஏனுங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன், போன பிறகு மட்டும் புதிதாக என்ன சொல்லி அழைப்பது? முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிளசர் காரின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டேன். நன்றாக நாலு விரற்கடை உயரம். கோபம் வந்தால் வரட்டும். ஊரும் கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூணாறு எஸ்டேட்டில் யாரோ ஒரு துரை ஓட்டித் தேய்த்த வண்டி அது. நீங்கள் வாங்கி வந்த அன்றே பாரத்தைத் தாங்க வில்லாக வளைந்திருக்கும் அதன் பின் கமான் பட்டைகள் தளர்ந்துதான் இருந்தன. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் போதும், அடைகாக்கும் கோழி மாதிரி பின்பக்கம் தரையோடு பதுங்கிவிடும். உங்களுக்கு அதுவே அழகு. துரை வண்டி என்றால் அப்படித் தணிவாகத்தான் நிற்க வேண்டும் என்பீர்கள். ஒரு பட்டையைக் கூடுதலாக வைத்துத் தூக்குங்கள் என்று நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்?

"பின்னால தூக்குனா அரிசி வண்டிம்பாங்க புள்ள. நம்மூட்டு மானம் போயிரும்." இதுதான் ஒவ்வொரு தரமும் உங்கள் பதில்.

நீங்கள் சொன்னது பொய்யில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து அரிசி எல்லை தாண்டி நம் கேரளப் பக்கம் வரக் கூடாதென்று தடை. கள்ளத்தனமாக மூட்டை கடத்துகிறவர்கள், பாரத்தில் வண்டி தாழ்ந்து காட்டிக்கொடுத்துவிடுமே என்று பின் கமானை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் வெறும் வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு நின்றால், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பேச்சே கிடையாது, டிக்கியைத் திற என்பார்கள். எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் மானத்தைப் பார்த்தீர்களே, வழியில் இருக்கிற பள்ளத்தைப் பார்த்தீர்களா?

அந்த மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களத்தில் சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக உங்கள் அண்ணன்தான் வண்டியை எடுத்தார். பின்சீட்டில் என் மடியில் நீங்கள். பக்கத்தில் உங்கள் அண்ணன் மனைவி, அந்த ஓரத்தில் காட்டு வேலைக்கு வந்திருந்த ராமாத்தாள். ஊரைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியதும் வண்டிக்கு அடியில் கரகரவென்று ஒரு சத்தம். கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அவர்கள் மூன்று பேரும் இறங்கித் தள்ளினார்கள். நான் உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன். வண்டி நகர்ந்தபோது நீங்கள் இல்லை.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? அழுது தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, உங்கள் அண்ணன் வண்டியை விற்றுவிடலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். தென்னந்தோப்புக்குள் விளையாட்டுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்களே, அது கைகொடுத்தது. லைசென்ஸும் எடுத்துவிட்டேன். புருஷன் போன பொம்பளை வண்டி ஓட்டுகிறாள் என்று வடகரப்பதி முழுக்கப் பேச்சு. பேசுகிறவர்களுக்கு வாய் வலிக்கும்போது நிறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் நேராகப் பொள்ளாச்சிப் பட்டறைக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். கமானைக் கழற்றி, வளைவு ஏற்றி, பட்டை கூடுதலாக வைக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, அரிசிக்கா என்று கேட்டார். இல்லை, ஆளுக்கு என்றேன். நம்பாமல் சிரித்தார், ஆனால் வேலையைச் சுத்தமாகச் செய்தார். இப்போது வெறும் வண்டியாக ஓட்டினால் முதுகு கழன்றுவிடும்போல் குதிக்கிறது. முன்விளக்கு குனிந்து ரோட்டை மட்டும் பார்க்கிறது. அழகு போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். அழகை வைத்துக்கொண்டு என்ன செய்ய? போன மாசம் கிழக்குத் தோட்டத்துப் பெண்ணைப் பிரசவத்துக்கு இதில்தான் கொண்டுபோனேன். தாயும் பிள்ளையும் சுகம்.

அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. தினமும் வாசலில் வந்து நின்று அந்தப் பின்பக்கத்தையே பார்ப்பார். செக்போஸ்ட்டில் என்னை இறக்கி டிக்கியைச் சோதித்தது ஊர் முழுக்கப் பரவியது. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், அரிசி வியாபாரம் உண்டோ என்று கேட்டுவிட்டார்களாம். போன வாரம் கடைசியாகச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பட்டையக் கழட்டீரு அம்மிணி. இல்லீன்னா அந்த வண்டி நம்ம வாசல்ல நிக்கக் கூடாது."

"கழட்டறேனுங்க. ஆனா நீங்களும் வரோணும். பின்சீட்டுல, அவரு கெடந்த எடத்துல உக்காருங்க. பள்ளந் தாண்டுன பொறகும் கழட்டுன்னு சொன்னீங்கன்னா, அப்பவே கழட்டீர்றேன்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்ததோ. அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஏறினார். அவர் மனைவி, அக்காவையும் ஏற்றினேன், ராமாத்தாளை வரச் சொல்லி ஏற்றினேன். நான் உட்கார்ந்த இடத்துக்கு ஒரு மூட்டை தேங்காய். அன்றைக்கு இருந்த பாரம் குறையக் கூடாதில்லையா?

பள்ளம் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். உங்கள் அண்ணன் முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வண்டிக்கு அடியில் சத்தம் வருகிறதா என்று காதை மட்டும் தீட்டி வைத்திருந்தார். அதே கல், அதே இடம். வண்டி இறங்கியது, ஆடியது, ஏறியது. ஒரு சத்தமும் இல்லைங்க.

கரையில் நிறுத்தி, பட்டறைக்கு விடட்டுமா என்று கேட்டேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், வந்தது வந்தோம், பொள்ளாச்சியில் தேங்காயைப் போட்டுவிட்டு ஒரு காப்பி குடித்துப் போகலாம் என்றார் உங்கள் அண்ணன். பட்டறை இருக்கும் தெருப் பக்கம் திரும்பக்கூடச் சொல்லவில்லை.

திரும்பும்போது கோபாலபுரத்தில் வழக்கம்போல் மறித்தார்கள். காவலுக்கு நின்ற ஆள் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, வெறும் வண்டிக்கு இவ்வளவு தூக்கல் எதற்கு என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார். பஸ்ஸுக்கு நின்ற ஜனமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அரிசிக்கில்லீங்க. என்ற தம்பிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப, தணிஞ்ச வண்டி பள்ளத்துல உக்காந்து போச்சு. அவன் போயிட்டான். அன்னைக்கு ஓட்டுனவன் நானுங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மானம், மாப்பிள்ளை வீடு என்று அவர் சொன்னதெல்லாம் மேல்பேச்சு. தூக்கிய அந்தப் பின்பக்கம் தினமும் அவரிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் என் கோபத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் மனசை எட்டிப் பார்க்கவில்லை. அதைக் கேட்டும் அந்த ஆள் டிக்கியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு தலையணை, ஒரு ஜமுக்காளம், ஒரு தண்ணீர்ச் செம்பு. மூடிவிட்டுப் போகச் சொன்னார்.

இனி யார் கேட்டாலும் இறக்க மாட்டேன். செக்போஸ்ட்டில் எத்தனை தரம் மறித்தாலும் அத்தனை தரமும் திறந்து காட்டுவேன். இந்தப் பள்ளத்தில் இனி ஒரு உயிரும் வண்டிக்காகக் காத்துக் கிடக்காது, இது உங்கள் தலைமேல் சத்தியம். ஸ்டியரிங் என் கையில் இருக்கிற மட்டும் இது பின்னால் தூக்கியேதான் நிற்கும். திட்டுவதானால் கனவில் வந்து திட்டுங்கள், அந்தச் சாக்கிலாவது உங்களைப் பார்க்கிறேன்.

இந்த ஒன்றில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்காத,
உங்கள் வீட்டுக்காரி