பழைய பொத்தானை எடுப்பதற்கு முன்

அன்புள்ள என் மனைவிக்கு,

இங்கே நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. எனக்கு ஆவலைவிடச் சந்தேகம்தான் அதிகமாக இருக்கிறது. அதனால் முறை மாறுகிறது. போனில் கேட்கலாமே என்பாய். போனில் நீ 'ம்' என்கிறாய். அந்த 'ம்' சரி என்பதா, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதா, போனை வை என்பதா என்று யோசித்தே என் தூக்கம் போகிறது. காகிதத்தில் 'ம்' போட்டு அனுப்ப உனக்கே கூச்சமாக இருக்கும்.

அத்தை நலமாக இருக்கிறார். கண்ணுக்குச் சொட்டு மருந்தைக் காலையும் மாலையும் நானே விடுகிறேன். ஆனால் உன் அம்மாவின் நடவடிக்கை எனக்குப் பிடிபடவில்லை. பால்கனியில் நின்று போனில் பேசுகிறார்; நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் குரல் இறங்கிவிடுகிறது. யார் என்று கேட்டால், தெரிந்தவர்கள் என்கிறார். மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் பயம் எதற்கு? பேசுவது உன்னோடுதான் என்று தெரியும். என்ன பேசுகிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை. போதாததற்கு, கொஞ்ச நாளாக நான் கேட்காமலே எனக்கு இரண்டாவது காபி வருகிறது. கேட்டாலும் இரண்டாவது காபி கொடுக்காதவர் அவர்.

நூலக விஷயத்துக்கு வருகிறேன். இங்கே விடுப்புப் போட்டுவிட்டு நீ போய்ச் சேர்ந்திருக்கும் கம்பெனியின் புதிய சிஸ்டம் நம் நூலகத்தில் ஓட ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. நம் தேடல் பக்கத்தில் இப்போது 'முழுக் கட்டுரை' என்று இரண்டு பொத்தான்கள். சிவப்பு பழையது; பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நீயும் நானும் எட்டு வருடம் கட்டி மேய்த்தது. பச்சை புதியது. எதை அழுத்தினாலும், நாம் சந்தா கட்டியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்தக் கட்டுரையின் முன்னால் மாணவனைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் அங்கே என்னதான் செய்தீர்கள் என்று அத்தை கேட்டபோது இதைத்தான் சொன்னேன். இதற்கா இரண்டு பேர் என்றார். நம் தலைமை நூலகரும் இப்போது அதையேதான் கேட்கிறார்.

பச்சையை நான் நம்பவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்க நான் என்ன குழந்தையா? கடல்புழு ஆராய்ச்சி இதழ் ஒன்று உண்டே, சிவப்பில் அழுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்தான் திறக்கும். பச்சையில் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது. எந்த இதழைக் கொடுத்தாலும் திறக்கிறது. என் மேசையிலிருந்து நான் சோதித்ததில் ஒன்றுகூடத் தவறவில்லை. இவ்வளவு ஒழுங்காக இருந்தால் அதில் ஏதோ உள்குத்து இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

சந்தேகம் வீண்போகவில்லை. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எப்போதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வருவாளே, அவள் வந்து நின்றாள். வீட்டிலிருந்து பச்சையை அழுத்தினால் அனுமதி இல்லை, பணம் கட்டு என்று வருகிறதாம். அடுத்தடுத்து இன்னும் சிலர் அதையே சொன்னார்கள். பாதி வழியை வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கிறீர்கள், பிறகு அதைத் திறக்கத் தனியாகக் கேட்பீர்கள், எனக்கு எல்லாம் தெரியும் என்று உன் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் காரசாரமாக ஒரு புகார் எழுதினேன்.

காபி ஆறுவதற்குள் பதில் வந்தது. நூலகத்துக்குள் இருக்கும் கணினிகளைப் பதிப்பாளர்களுக்குத் தெரியும், அதனால் உங்கள் மேசையில் எல்லாமே திறக்கும். வெளியிலிருந்து வருபவர்களை உங்கள் உள்நுழைவுப் பக்கம் வழியாக அனுப்ப அதன் முகவரியை நீங்கள்தான் தர வேண்டும்; அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்ச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். கீழே 'உதவிக் குழு' என்று இருந்தது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். கட்டத்தை நிரப்பினேன், ஹெல்மெட்காரிக்கு வீட்டிலேயே எல்லாம் திறந்தது. ஆனால் அந்தத் தவறு என்னை உறுத்தவில்லை. எந்த ஊர் உதவிக் குழு 'அவ்வளவுதான் விஷயம்' என்று எழுதும்? கல்யாணமான நாளிலிருந்து என்னோடு போட்ட எல்லாச் சண்டையையும் நீ அந்த இரண்டு வார்த்தையில்தான் முடித்திருக்கிறாய்.

அதன்பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. பிழை இல்லாத இடத்திலெல்லாம் பிழை கண்டுபிடித்தேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ஒரு புகார். பச்சை கண்ணைக் குத்துகிறது என்று ஒரு புகார். எல்லாவற்றுக்கும் உடனே பதில். என் போனுக்கு 'ம்' சொல்கிறவள், ஒரு பொத்தானின் நிறத்தைப் பற்றி எனக்குப் பத்தி பத்தியாக எழுதுகிறாய். சொந்தக்காரர்கள் வேலை பார்க்கும் இடத்தைத் தொடக் கூடாது என்று உன் கம்பெனியில் விதி இருப்பதாக நீயே சொன்னாய். அதையும் மீறி நம் நூலகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாயா? என்னோடு பேசவா, என்னை வேவு பார்க்கவா? முதலாவதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. அதனாலேயே அதையும் நம்ப மறுக்கிறேன்.

திங்கட்கிழமை தலைமை நூலகர் கூப்பிட்டார். சிவப்பை எடுத்துவிட ஒப்புதல் கேட்டு எத்தனை நாளாகிறது, ஏன் கையெழுத்துப் போடாமல் இழுக்கிறீர்கள் என்றார். இன்னும் சோதனை பாக்கி என்றேன். உன் ஒரு வருட விடுப்பு முடிகிறது, உன் இடத்தை இந்த மாதக் கடைசிவரைதான் காலியாக வைத்திருக்க முடியும் என்றார். அதற்குள் வந்துவிடுவாள் என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இருக்க அவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு கம்பெனிக்காரர் சொன்னாரே. அடுத்த லைப்ரரி வேலையும் அவங்க பொறுப்புதானாம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியுமே என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னுடையதில் உட்கார மனம் வரவில்லை. அத்தையின் இரண்டாவது காபிக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. கோபமா என்று கேட்டால், கோபம்தான். கொஞ்சம் அழுகையும் வந்தது. ஜலதோஷம் என்று பக்கத்தில் சொல்லி வைத்தேன்.

நான் ஏன் இழுத்தடித்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கையெழுத்துப் போட்டால் நம் நூலக வேலை உன் கையை விட்டுப் போய்விடும். பிறகு நீ அடுத்த நூலகத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பாய். இன்று மத்தியானம் போட்டுவிட்டேன். நம் குடும்பத் தகராறுக்காகப் படிக்கிற பிள்ளைகள் எதற்கு இரண்டு பொத்தானுக்கு நடுவில் அல்லாட வேண்டும்? உங்கள் சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது. பச்சையும் கண்ணைக் குத்தவில்லை. வெள்ளிக்கிழமை சிவப்பை எடுத்துவிடுவார்கள்.

அங்கே வேலை உனக்குப் பிடித்திருக்கலாம். இங்கே அந்த நாற்காலியில் நீ சலித்துப்போய் உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தவன்தான். இரண்டு வருடம் வேண்டும் என்றால் கேள். நான் கத்துவேன், பிறகு ஒத்துக்கொள்வேன். என் கதை உனக்குத் தெரியாததா? அத்தையையும் கூட்டிக்கொண்டு நானே அங்கே வந்துவிடட்டுமா என்று கேட்டாலும் கேட்பேன். ஆனால் என் மனைவியைப் பற்றிய செய்தியை அடுத்தவர் அறையில் நின்று நான் கேட்கும்படி செய்யாதே. வருவதானால் வருகிறேன் என்று எழுது. வரப்போவதில்லை என்றால் அதையும் நீயே எழுது. நீ எழுதினால், எதுவானாலும் நம்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் கணவன்