தாம்பூலப் பையில் கொய்யாக் கன்று

மே 25, 2025, ஞாயிறு

ஆவடியிலிருந்து சம்பந்தி மனோகரன் வந்திருந்தார். சுதாவின் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஆளுக்கொரு கொய்யாக் கன்று கொடுக்கப் போகிறார்களாம். மாப்பிள்ளை சரணுக்கு பாங்காக்கில் வேலை. போன வருஷம் அங்கிருந்து ஒட்டுக்குச்சிகளைப் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து, பூந்தமல்லிப் பக்கம் ஒரு நர்சரியில் கொடுத்துப் பெருக்கியிருக்கிறான். முந்நூறு கன்று. ஏர்போர்ட்டில் ஒருவனும் பார்க்கவில்லை என்பதைப் பெரிய சாமர்த்தியம் போலச் சொன்னார்.

மஞ்சள் கயிறு கட்டிய கன்று ஒன்றைக் காட்டுவதற்குக் கொண்டுவந்திருந்தார். இலையைத் திருப்பினேன். அடியில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மாவுப்பூச்சி. ஆனால் நான் பார்த்த எந்த மாவுப்பூச்சியும் இல்லை. நசுக்கினால் விரலில் கறுஞ்சிவப்பு.

"இது நம்ம ஊர்ப் பூச்சி இல்ல. அத்தனையும் கொளுத்தணும்" என்றேன்.

"சம்பந்தி, பூச்சி இல்லாத செடி வேணும்னா பிளாஸ்டிக்லதான் வாங்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சுதாவும்.

கன்றை நானே வைத்துக்கொண்டேன்.

மே 26

2010 கோடை. நூம்பலில் என் பப்பாளித் தோப்புக்கு ஒரு பூச்சி சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனது. அதுவும் கடல் தாண்டி வந்ததுதான். காயிலிருந்து பசையாக ஒழுகியது. மாடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. தோப்பை விற்றேன். அங்கே இப்போது நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது.

எவனோ ஒருவன் ஒரு குச்சியைக் கொண்டுவந்திருப்பான். நல்லவனாகக்கூட இருந்திருப்பான். இன்றைக்குக் கையில் கிடைத்தாலும் அவன் விரல்களை ஒடிப்பேன்.

மே 28

பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் ராதிகா என்று ஒரு அதிகாரி. என் மகள் வயசு. கொண்டுபோன இலையை வாங்கி ஆய்வுக்கு அனுப்பினாள். முடிவு வர நாளாகுமாம். "செடி இருந்தா அழிச்சிடுங்க ஐயா. மாதிரிக்கு நாலு பூச்சியை ஸ்பிரிட்ல போட்டு மூடி வெச்சாப் போதும். உசுரோட மட்டும் வெச்சிக்காதீங்க" என்றாள்.

என்னைப்போல் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் என்றால் இவர்கள் பேச்சே தனி. நான் படித்த புத்தகங்களை இவள் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டாள். ஸ்பிரிட்டில் செத்துக் கிடப்பதைக் காட்டினால், எங்கிருந்தோ பொறுக்கிப் போட்டேன் என்பார் மனோகரன். செடியோடு, அவர் கட்டிய மஞ்சள் கயிறோடு காட்ட வேண்டும். மொட்டை மாடியில் கொசுவலைக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூன் 7, சனி

செய்துவிட்டேன்.

மத்தியானம் மண்டபத்துப் பின்பக்கம் கன்றுகளை வண்டியிலிருந்து இறக்கினார்கள். சாயங்காலம் ரிசப்ஷன். இங்கிருந்து அவை செய்யாறு போகும், திண்டிவனம் போகும், எந்தெந்தத் தோப்புக்கெல்லாமோ போகும். ஜெனரேட்டர் அறையில் டீசல் இருந்தது. பிளாஸ்டிக் பைகளும் சேர்ந்து எரிந்ததில் கரும்புகை பந்தல் வரைக்கும் போனது. கொளுத்தினவன் நான்தான், ஜம்புலிங்கம், சுதாவின் அப்பன் என்று நானே சொன்னேன்.

மனோகரன் அடிக்க வந்தார். பிடித்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மாள் மண்ணை வாரித் தூற்றவில்லை, அவ்வளவுதான். மணப்பெண் அலங்காரத்தில் சுதா ஓடி வந்து புகைக்குள் நின்றாள். அழவில்லை. பார்த்தாள்.

வசந்தகுமாரி மட்டும் பேசினாள். "உனுக்குப் பூச்சி கண்ணுக்குத் தெரிது. பெத்த பொண்ணு தெர்ல."

பொண்டாட்டி என்று வாய்த்தது அப்படி.

ஜூன் 8

தாலி ஏறியது. என் காலில் விழாமல் காரில் ஏறினாள்.

ஜூன் 22

தலை ஆடிக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் நான் அழைக்கக் கூடாதாம். கல்யாணக் கன்றுக்குக் கொள்ளி வைத்தவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்களாம். சம்பந்தியம்மாள் சுதாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "கொள்ளிக்காரன் பொண்ணு" என்கிறாளாம். சரண் இவளை விட்டுவிட்டு பாங்காக் போய்விட்டான்.

போனில் சுதா: "நீ சொன்னது நெசம்னு கவர்மெண்ட்டு ஒரே ஒரு வாட்டி சொல்லட்டும்ப்பா. அத இவங்க மூஞ்சில காட்டிட்டு ஊட்டுக்கு வரேன். அதுவரிக்கும் என்னால வர முடியாது."

சொல்லும். சொல்ல வைக்கிறேன். சாட்சி மாடியில் இருக்கிறது, தினம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஜூலை 30

ராதிகா போன் செய்தாள். அனுப்பிய இலையில் பூச்சி நசுங்கியிருந்ததாம், அடையாளம் சொல்ல முடியவில்லையாம். வேறு மாதிரி இருக்கிறதா என்றாள். இருக்கிறது, வந்து பார் என்றேன். ஸ்பிரிட்டில்தானே என்றாள். வந்து பார் என்றேன்.

ஆகஸ்ட் 17

கொசுவலையில் எறும்புச் சாரை. ஊதிவிட்டேன். கன்று நன்றாகத் துளிர்த்திருக்கிறது, பூச்சியும்.

ஆகஸ்ட் 19

காற்றில் வலை ஒரு பக்கம் தூக்கிக் கிடந்தது. எப்போதிலிருந்து?

செப்டம்பர் 9

செம்பருத்தியில் வெள்ளை. என் வீட்டுச் செம்பருத்தியில். நசுக்கிப் பார்த்தேன். கறுஞ்சிவப்பு.

செப்டம்பர் 10

கன்றையும் செம்பருத்தியையும் வேரோடு பிடுங்கி எரித்தேன். கயிற்றையும். யாரும் பார்க்கவில்லை.

இது அதுதானா? நம்மூர்ப் பூச்சியும் சிவப்பாகக் கசியலாம் இல்லையா? நான் என்ன பெரிய விஞ்ஞானியா?

செப்டம்பர் 14

சுவருக்கு அந்தப் பக்கம் பூங்காவனத்தின் கொய்யா. கீழ்க்கிளை முழுக்க வெள்ளை. பூவும் காயும் விற்றுப் பிழைக்கிற கைம்பெண் அவள். சுவர் ஏறி வெட்டவா? ஏன் என்று கேட்பாளே.

செப்டம்பர் 20

ராதிகா வந்தாள். கையில் குப்பியும் இடுக்கியும். சுவர் தெரியாதபடி முன்னால் நின்றுகொண்டேன்.

"மாதிரி எங்கங்க ஐயா?"

"இல்ல. எல்லாத்தையும் எரிச்சிட்டேன்."

"ஒண்ணுகூடவா வெக்கல? போன்ல இருக்குன்னீங்களே?"

"எரிச்சாச்சுன்னா எரிச்சாச்சு. நீதானம்மா அழிக்கச் சொன்ன."

மாதிரி இல்லாமல் ஒன்றும் எழுத முடியாது என்றாள். அக்கம்பக்கத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். நல்லது என்று மோர் குடித்துவிட்டுப் போனாள். வசந்தகுமாரி சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். செம்பருத்தி இருந்த குழி அவளுக்குத் தெரியும்.

காட்டியிருந்தால்? தெருவையே வெட்டச் சொல்வார்கள். யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்பார்கள். மனோகரன் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் பார்க்க வேண்டுமா? மாட்டேன்.

செப்டம்பர் 21

கவர்மெண்ட்டு ஒன்றும் எழுதித் தராது என்று போனில் சொன்னேன். சுதா: "அப்போ சும்மாதான் கொளுத்துனியா?"

கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். திரும்பப் போன் செய்தால் எடுக்கவில்லை.

அக்டோபர் 5

வசந்தகுமாரி பெண்ணோடு இருக்கப் போவதாக ஆவடிக்குப் போனாள். சேர்த்துக்கொண்டார்களாம். என்னைப் பற்றி என்ன சொல்லிச் சேர்ந்தாளோ.

அக்டோபர் 12

காலையில் பூங்காவனம் ஒரு இலையோடு வந்தாள்.

"இன்னா அண்ணாத்தே இது? மாவு கொட்னா மாறி கீது. நீதான் இதெல்லாம் படிச்சவன், சொல்லு."

"ரோட்டுத் தூசி. லாரி போவுது இல்ல?"

"அப்பத் தண்ணி அட்ச்சா பூடுமா?"

"போவும்."

நம்பினாள். நான் சொல்லி அவள் எதைத்தான் நம்பாமல் இருந்திருக்கிறாள்?

அக்டோபர் 19

ஊத்துக்கோட்டைப் பக்கம் பூங்காவனத்தின் தங்கைக்குக் கொய்யாத் தோப்பு இருக்கிறது. ஊரே கொய்யாதான். அக்கா வீட்டுக் காய் ருசி என்று தங்கை கன்று கேட்டாளாம். பூங்காவனம் பதியன் போட்டு எடுத்த கன்றுகளைப் பையோடு கொண்டுவந்து, பஸ்ஸில் மண் சிந்தாமல் கட்டித் தரச் சொன்னாள்.

சணல் என்னிடம்தான் இருந்தது. இரண்டு முடிச்சாகவே போட்டுக் கொடுத்தேன்.